அனுப்புநர் பெயர் வேண்டாம்

காமகுரா
மார்ச் 20, 1967

அக்காவுக்கு,

மொட்டு விட்டிருக்கிறது, குளிர் இன்னும் போகவில்லை, உடம்பு எப்படி என்று தொடங்குவதுதான் முறை. இரண்டு வருடம் ஒரு வரி எழுதாதவள் பருவத்தைப் பற்றிப் பேசினால் நீ கடிதத்தை அப்படியே அடுப்பில் போடுவாய். அதனால் நேராக வருகிறேன். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, திங்கட்கிழமை, நான் ஹிரோஷிமாவுக்கு வருகிறேன்.

ஜப்பானுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு எங்கள் அலுவலகம் ஒரு பத்து நாள் பயணம் வைத்திருக்கிறது. மூன்று வருடமாக நான்தான் அழைத்துப் போகிறேன். நிக்கோ, இங்கே காமகுராவின் பெரிய புத்தர், ஹகோனே ஏரி, கியோத்தோ, நாராவில் தலையாட்டிப் பிஸ்கட் கேட்கும் மான்கள், கடைசியாக மியாஜிமா. கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாயிலைக் கண்டதும் எப்பேர்ப்பட்ட வாயாடியும் ஒரு நிமிடம் சும்மா இருப்பான். கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் கூட்டிப்போவேன். அங்கிருந்து நம் ஊர் அரை மணிதான். ஒரு குழுவைக்கூட நான் அங்கே இறக்கியதில்லை. யாராவது கேட்டால் நேரமில்லை என்பேன். ரயில் ஊரைத் தாண்டும்போது டிக்கெட்டுகளைச் சரிபார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

இந்த முறை ஆஸ்திரேலியாவிலிருந்து பதினோரு பேர். ஹாலெட் அம்மாள் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஹிரோஷிமா இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிவிட்டார். மேலாளர் என் மேசைமேல் புதிய அட்டவணையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அணுகுண்டு விழுந்த இடத்துப் பூங்காவில் ஒரு மணி நேரம், மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை.

அந்த ஒரு மணி நேரத்தில் இவர்கள் கட்டாயம் செய்வது படத் தபால் அட்டை வாங்குவது. ஆற்றங்கரையில் இருக்கும் அட்டைக் கடை உன்னுடையது.

இதோடு போகவில்லை. மாமியாரும் கூட வருகிறார். எனக்கு நான்காவது மாதம், அக்கா. பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம். "மியாஜிமாவை நானும் பார்த்ததில்லைம்மா, உனக்கும் துணையாச்சு, எனக்கும் ஊர் பார்த்தாச்சு" என்று சிரிக்கிறார். அவருக்கும் அவர் மகன் குனிஹிகோவுக்கும் நான் ஒகயாமாக்காரி, உறவு யாரும் மிஞ்சாதவள். ஒகயாமா மாமா என்னைத் தன் மகளாகப் பதிந்த காகிதம்தான் இரண்டு வருடமாக என்னைக் காப்பாற்றுகிறது. உண்மை தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். குண்டு பட்ட அந்த இரத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதே என்பார்கள். பிள்ளையைப் பெறாதே என்றுகூடச் சொல்வார்கள்.

உன்னைப் பார்த்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். நம் இருவருக்கும் ஒரே நெற்றி. அந்த ஒரு மணி நேரம் மட்டும் கடையைச் சாத்திவிடு. கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பதில் எழுதினால் உறையின் பின்பக்கம் அனுப்புநர் பெயர் வேண்டாம். தபாலை வாங்குவது மாமியார்தான்.

நோரியே


ஹிரோஷிமா
மார்ச் 26

செத்துப்போன தங்கைக்கு,

பட்டம் பிடிக்கவில்லையா? நான் கொடுத்தது, நீ கேட்டு வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் உன் சம்பந்தக்காரர்கள் துப்பு விசாரிக்க அனுப்பிய ஆள் கடை வாசலில் வந்து நின்றான். சாம்பல் நிறக் கோட்டு, கையில் குறிப்பேடு. ஒகயாமா வீட்டுப் பெண் இங்கிருந்து போனவள் என்று யாரோ சொன்னார்களாம். "உங்க தங்கச்சி பேரும் நோரியேதானே?" என்றான். "ஆமா. ஆறு வயசுல பிக்காவுல செத்துப்போச்சு. வேற எந்த நோரியேவையும் எனக்குத் தெரியாது" என்றேன். அவன் எழுதிக்கொண்டான். உயிரோடிருக்கிற தங்கையை நான் வாயால் கொன்றேன்.

அதற்கு நீ கொடுத்த பரிசு, கல்யாணத்துக்கு வராதே என்ற கடிதம். என் கழுத்துத் தழும்பைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுவிடுவார்கள் என்று எழுதினாய். கோடையிலும் கழுத்தை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு என்பதுகூட உனக்கு மறந்துவிட்டது.

இப்போது கடையைச் சாத்த வேண்டும். ஏப்ரல் நடுவில், பூ பார்க்க ஊரே பூங்காவில் நிற்கும்போது. உன் வாய்க்குக் கூச்சமே இல்லை.

திட்டி முடித்துவிட்டேன். நான்காவது மாதம் என்று எழுதியிருக்கிறாய். வாந்தி இருக்கிறதா? இரத்தம் பரிசோதித்தார்களா? டாக்டரிடமாவது உண்மையைச் சொன்னாயா? அவருக்கும் நீ ஒகயாமாக்காரிதானா? உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதே.

இன்னொன்று. என் நெற்றியைவிட உன் வாய்தான் உன்னைக் காட்டிக்கொடுக்கும். குண்டு விழுந்த அன்று தூரத்தில் இருந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், பிறகு வெடியைக் கேட்டார்கள். அதனால் பளீரையும் டமாரையும் சேர்த்துப் 'பிக்காடோன்' என்பார்கள். நாம் இருந்த இடத்தில் யாருக்கும் டமார் கேட்கவில்லை. அதனால் நமக்கு அது வெறும் 'பிக்கா'. விவரம் தெரிந்தவன் ஒருவன் இந்த ஒரு சொல்லை வைத்தே நீ எந்தத் தெருவில் நின்றாய் என்று சொல்லிவிடுவான். ஒகயாமாக்காரி 'பிக்காடோன்' என்றுதான் சொல்வாள். மனப்பாடம் செய்துகொள்.

கடையைச் சாத்துவதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்.

மிசாவோ


காமகுரா
ஏப்ரல் 1

அக்கா,

என்ன காரியம் செய்தாய். உறையின் பின்பக்கம் கடை முத்திரை. கடைப் பெயர், தெரு, ஊர், எல்லாம் நீல மையில் பளிச்சென்று.

நான் ஹகோனேயிலிருந்து திரும்பியபோது கடிதம் மேசைமேல் இல்லை. சாமி மாடத்தில், மாமனார் படத்துக்கு முன்னால், ஊதுவத்தி எரிய, பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்திருந்தார். உறை பிரிக்கப்படவில்லை. "உனக்குத் தபால் வந்திருக்கும்மா, நோரியே" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. முள்ளங்கி நறுக்கும் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

படத் தபால் அட்டை வாங்கும் கடை, பயணிகளுக்காக விலை கேட்டிருந்தேன் என்றேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீன் நடுத்துண்டை வைத்தார். தூக்குத் தண்டனைக் கைதிக்கும் கடைசியில் நல்ல சாப்பாடுதான் போடுவார்களாம்.

அன்றிலிருந்து அவர் சொல்லும் எல்லாவற்றிலும் எனக்கு இரண்டு அர்த்தம் கேட்கிறது. நேற்று வெள்ளைத்துணி பற்றிப் பேச்செடுத்தார். நாயைப்போலச் சுகமாகப் பெறட்டும் என்று ஐந்தாம் மாதம் நாய் நாளில் வயிற்றில் கட்டும் துணியைப் பிறந்த வீட்டில்தானே கொடுக்க வேண்டும். "உனக்குத்தான் யாருமில்லையே, என்ன பண்றது" என்று சொல்லி என் முகத்தையே பார்த்தார். நீங்களே வாங்கிவிடுங்கள் அத்தை என்றேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம்? இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் குனிஹிகோவின் பள்ளித் தோழர்.

கடையைச் சாத்திவிடு. காலில் விழுகிறேன்.

நோரியே


ஹிரோஷிமா
ஏப்ரல் 6

நோரி,

பிழை என்னுடையது. பழக்க தோஷம், பத்து வருடமாக எந்த உறை கைக்கு வந்தாலும் முத்திரை குத்திவிட்டுத்தான் ஒட்டுவேன். என் கையை நானே நறுக்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இந்த உறையில் ஒன்றுமில்லை, மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டேன்.

17-ஆம் தேதி காலையிலிருந்தே கடை சாத்தியிருக்கும். ஒரு மணி நேரத்துக்காகச் சாத்தித் திறந்தால் பக்கத்துக் கடைக்காரி காரணம் கேட்பாள். வீட்டுக்குப் போகலாமென்றால் பூங்காவைக் குறுக்கே கடக்க வேண்டும், எதிரே நீ வந்துவிட்டால்? அதனால் உள்ளேயே இருப்பேன். ஷட்டரில் அஞ்சல் போடும் துவாரம் இருக்கிறது. அதன் வழியாக உன்னை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

டாக்டரை மாற்று. யோகோஹாமாவில் உன்னைத் தெரியாத ஒருவரிடம் போ. இங்கே எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் ஆண் குழந்தை. அவளும் பிக்காவில் இருந்தவள்தான். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான், தெருவே எழும்படி அழுகிறான். உன் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் அவன் விரல்களை எண்ணிவிட்டு வருகிறேன்.

மிசாவோ


மியாஜிமா
ஏப்ரல் 16

அக்கா,

இது நாளை நான் வந்துபோன பிறகுதான் உன் கையில் கிடைக்கும். இருந்தாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். விடுதி முகப்பில் உட்கார்ந்து, கணக்கு எழுதுவதுபோல எழுதுகிறேன்.

இன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. நாலு மணிக்குக் கடல் நிறைந்து நின்றது. வாயில் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. ஹாலெட் அம்மாள் தொப்பியைக் கழற்றிவிட்டார். மான் ஒன்று அத்தையின் பயணச்சீட்டைத் தின்றுவிட்டது. "இனி எப்படிம்மா வீடு போறது, இங்கேயே மானாப் பொறந்துட வேண்டியதுதான்" என்றார். எல்லோரோடும் நானும் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

விடுதிக்குத் திரும்பி இருட்டான நடைக்கூடத்தில் எல்லோரும் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். குழுவில் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் படம் எடுத்தார். விளக்கு என் முகத்துக்கு நேரே வெடித்தது. சத்தமில்லாமல், வெள்ளையாக.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, தரையில் குப்புறக் கிடந்தது. கட்டைவிரல் இரண்டும் காதில், மற்ற விரல்கள் கண்ணில். பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே, அதேபோல. இருபத்திரண்டு வருடமாக என் கைகள் அதை மறக்கவில்லை. என் வாய் கத்திக்கொண்டிருந்தது. பிக்கா, பிக்கா என்று. பிக்காடோன் என்று இருநூறு முறை மனப்பாடம் செய்திருந்தேன், அக்கா.

அத்தை தன் மேலங்கியை என்மேல் போட்டார். "பிள்ளைத்தாய்ச்சி, தலை சுத்திடுச்சு, ஒண்ணுமில்ல" என்று பயணிகளிடம் ஜப்பானிய மொழியிலேயே சொன்னார். எப்படியோ அவர்களுக்குப் புரிந்தது. என்னை அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கேட்பார், இப்போது கேட்பார் என்று. அவர் கேட்கவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து பழைய பழுப்பு உறை ஒன்றை எடுத்து, திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார்.

என்னை ஒகயாமா மாமா வீட்டுக்கே அனுப்பிவிடுவாரோ. பிள்ளையை என்ன சொல்வார். நாளை பூங்காவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் நான் என்ன செய்வேன்.

நோரியே


ஹிரோஷிமா
ஏப்ரல் 18

நோரி,

உன் மியாஜிமா கடிதம் இன்று காலைதான் வந்தது. அதைப் படிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. நேற்றைக்கு நீ பார்த்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

ஒன்றரை மணியிலிருந்து பிஸ்கட் தகர டப்பாவின்மேல் உட்கார்ந்து துவாரத்தில் கண் வைத்திருந்தேன். குண்டுக்குத் தப்பி நிற்கும், இப்போது சாரம் கட்டிய குவிமாடத்துக்கு முன்னால் உன் மஞ்சள் கொடி தெரிந்தது. இளைத்துப்போயிருக்கிறாய், வயிறு மட்டும் லேசாகத் தெரிகிறது. நீ பேசுவது கேட்கவில்லை, கை மட்டும் அசைந்தது. அப்போது துவாரத்தை யாரோ மறைத்தார்கள். சாம்பல் நிறக் கிமோனோ. தட்டினார்கள்.

டப்பாவை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கடைக்காரம்மா, உள்ளதான் இருக்கீங்க. செருப்பு வெளியில கெடக்கு."

பார்த்தாயா என் புத்தியை. உள்ளே ஏறும்போது செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டிருந்தேன்.

"இன்னைக்குக் கடை லீவு" என்றேன்.

"தெரியுது. நான் அட்டை வாங்க வரல. சாமி மாடத்துல வெச்ச கடுதாசியில உங்க முகவரி இருந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். நல்ல சேதி எது வந்தாலும் எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டுத்தான் எடுப்போம்."

யாரைத் தேடுகிறீர்கள், எனக்கு யாரையும் தெரியாது, எனக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள் பிக்காவில் செத்துப்போனாள் என்று அதே பழைய பாட்டைப் பாடினேன்.

வெளியே காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. துவாரம் வழியாகப் பழுப்புத் தாள் ஒன்று உள்ளே வந்து விழுந்தது. அந்த விசாரணைக்காரனின் அறிக்கை, நோரி. நான் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி. எழுதியவனுக்கே அது முக்கியமாகப் பட்டிருக்காது.

"படிச்சீங்களா?" என்று கேட்டார். "அந்த ஆள் கிளம்புறப்போ நீங்க அவனைக் கூப்பிட்டுக் கேட்டீங்களாம். கல்யாணம் எந்த மாசம், குளிர் காலமா, அந்தப் பொண்ணுக்குக் காலு வெடிக்குமேன்னு. செத்துப்போன புள்ளைக்கு எதுக்குங்க குளிரு?"

நான் கேட்டேனா? சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஆனால் கேட்டிருப்பேன்.

"அன்னைக்கே தெரியும். எம்பையன் கிட்டகூடக் காட்டல. அவளாச் சொல்லுவான்னு ரெண்டு வருஷமாப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தா ஓடிடுவாளோன்னு பயம். நேத்து அவ தரையில கெடந்ததைப் பார்த்தப்புறம் இனிப் பொறுக்க முடியாது. கதவைத் திறங்க. கேக்க வந்ததைக் கேட்டுட்டுப் போறேன்."

திறந்தேன். முழுக்க. ஷட்டர் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். நீ திரும்பிப் பார்த்தாய், உன் கையிலிருந்த கொடி கீழே இறங்கியது. அதை நானும் பார்த்தேன்.

கழுத்துத் துணியைக் கட்ட மறந்திருந்தேன். உன் மாமியார் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "வலிக்குதா?"

"மழைக்கு முன்னாடி அரிக்கும்."

"என் முழங்காலும் அப்படித்தான்" என்றார். பிறகு இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவர் நிமிரும்வரை நானும் நிமிரவில்லை. "அஞ்சாம் மாசத் துணிய பொறந்த வீட்டுலதான் கொடுக்கணும். எங்க மருமகளுக்குப் பொறந்த வீடு இல்லைன்னு சொல்றா. இருக்குதுன்னா வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

துணி அலமாரியில் இருந்தது. உன் முதல் கடிதம் வந்த மறுநாளே கோயிலில் வைத்து வாங்கிவிட்டேன். உனக்கு எழுதவில்லை, எழுத மனம் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பொறக்கப்போற புள்ளைய நெனச்சா ராத்திரி முழிப்பு வந்துடுது. அவ ஒரு அறையில முழிச்சிருக்கா, நான் ஒரு அறையில முழிச்சிருக்கேன். இது என்ன கூத்து?"

அப்புறம் ஆஸ்திரேலியர்களுக்குக் கொடுக்க இரண்டு கட்டு அட்டை எடுத்தார். சம்பந்தி என்றும் பாராமல் பேரம் பேசினார். குறைத்துக் கொடுத்தேன்.

நீ ஏன் ஐம்பது அடி தூரத்தில் நின்றபடியே நின்றாய்? திட்டவில்லை. உன் கால் வராது என்று எனக்குத் தெரியும்.

மிசாவோ


காமகுரா
மே 2

அக்காவுக்கு,

நேற்று முன்தினம் நாய் நாள். அத்தை துணியைக் கட்டிவிட்டார். இறுக்கிக் கட்டியதும், "உங்க அக்கா தாராளமாத்தான் வாங்கியிருக்காங்க, ரெண்டு சுத்து மிச்சம்" என்றார். உங்க அக்கா என்ற சொல்லை இந்த வீட்டில் முதல்முறை கேட்டேன். உட்கார்ந்து அழுதேன்.

பூங்காவில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டதும் நான் முடிந்தேன் என்று நினைத்தேன். ஹாலெட் அம்மாள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. உன் கழுத்து வெயிலில் தெரிந்தது. ஓடி வந்து அதை மூட வேண்டும் போலவும் இருந்தது, எதிர்ப்பக்கம் ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றேன். வண்டியில் ஏறியதும் ஹாலெட் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கடைக்காரம்மா உன் சாயல்" என்றார். என் அக்கா என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அதுதான் முதல் ஒத்திகை.

குனிஹிகோவிடம் மறுநாள் சொன்னேன். மூன்று நாள் அலுவலகம் போனார், வந்தார், சாப்பிட்டார். ரயில் ஏறிப் போய்விடலாமென்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். நான்காம் நாள் அம்மாவிடம் கத்தினார், எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று. என்னிடம் இன்னும் முழுதாகப் பேசவில்லை. ஆனால் யோகோஹாமா டாக்டரிடம் கூட வந்தார். நான் எந்தத் தெருவில் இருந்தேன், அப்போது எத்தனை வயது என்று டாக்டர் கேட்டதற்கு நான் சொன்ன பதில்களை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இரத்தத்தில் இந்த மாதம் குறையில்லை. மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

பயம் போகவில்லை, அக்கா. பிறந்து, அழுது, நீ வந்து விரல்களை எண்ணிச் சொல்லும்வரை போகாது. இப்போது ஒரே அறையில் மூன்று பேரும் பயப்படுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். செப்டம்பரில் வர வேண்டும். கழுத்தைக் கட்டிக்கொண்டு வராதே, இங்கே புழுக்கம் தாங்காது.

நீ 18-ஆம் தேதி எழுதியதன் உறையிலும் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு அனுப்பினதுன்னே தெரியாம சாமிகிட்ட எப்படிம்மா வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அடுத்த கடிதத்தில் பெயர் போடு. முத்திரை வேண்டாம், கையால் எழுது. அவருக்குக் கண் மங்கல், பெரிதாக எழுதச் சொன்னார்.

உன் தங்கை
நோரியே